முதல் கேள்வி: ‘எந்த ஊரு, தம்பி?’
கேலிவதைத் தடுப்புப் பிரதிகளை முன்வைத்துச் சில குறிப்புகள்

1

ஒவ்வொரு ஆண்டும் சேர்க்கை முடிந்ததும் எங்கள் கல்லூரியில் ஒரு கட்டுக் காகிதம் துறைக்கு வந்து சேரும். ராகிங் தடுப்பு உறுதிமொழிப் படிவங்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2009ஆம் ஆண்டு விதிகளின்படி மாணவர் ஒன்று, பெற்றோர் ஒன்று என்று கொடுக்க வேண்டிய உறுதிமொழி. விதிகளைப் பெற்றுக்கொண்டேன், படித்தேன், புரிந்துகொண்டேன், இக்குற்றத்தில் ஈடுபட மாட்டேன், இதற்கு முன் எந்த நிறுவனத்திலிருந்தும் இதற்காக விலக்கப்படவில்லை என்று பதினேழு வயதுப் பிள்ளை சொல்கிறது. இணையத்தில் நிரப்பி, அச்செடுத்து, கையெழுத்துப் போட்டு, ஃபைலில் கோத்தாச்சு. தடுப்பு முடிந்தது.

ஒருமுறை முதல்வரிடம் கேட்டேன்: “சார், பையன் கையெழுத்துப் போட்டுட்டான், அவங்க அப்பாவும் போட்டுட்டாரு. நாம எங்க போடுறது?” அவர் படிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னார்: “நமக்கு இதுல காலமே இல்லையே சார்.”

அவர் சொன்னது படிவத்தின் கட்டத்தை. ஆனால் அது வேறு ஒன்றையும் சொல்லிவிட்டது. வளாக வன்முறை பற்றிய நமது அரசு, நிறுவனப் பிரதிகள் அனைத்திலும் நிறுவனத்திற்கு ஒரே ஓர் இடம்தான்: மேற்பார்வையாளர். குற்றம் செய்யக்கூடியவன் மாணவன், பொறுப்பேற்க வேண்டியவர் அவன் அப்பா, போதிக்க வேண்டியது நிறுவனம். ‘கல்வி மூலம் தடுப்பது’ என்று இன்று எல்லோரும் சொல்கிறார்கள். சரி, யார் யாருக்குக் கற்பிப்பது? இந்தக் கேள்வியைக் கேட்காமல் நடத்தப்படும் விழிப்புணர்வுக் கூட்டம் எதுவும், ஏற்கெனவே அந்த வளாகம் நடத்திக்கொண்டிருக்கும் பாடத்தின் இன்னொரு பீரியடாகத்தான் முடியும். இக்கட்டுரை சொல்ல வருவது இதைத்தான்.

2

இதை எழுதும் யோக்கியதை எனக்கு உண்டா என்பதையும் வாசகர் முன்னால் வைத்துவிட வேண்டும்.

எண்பதுகளின் கடைசியில் நான் ஒரு கல்லூரி விடுதியில் இரண்டாம் ஆண்டு மாணவன். புதுப் பையன்களை வரிசையாக நிறுத்திக் கேள்வி கேட்பது வழக்கம். நாங்கள் யாரையும் அடித்ததில்லை. அதில் எங்களுக்கு ஒரு பெருமைகூட இருந்தது. கேள்விகள் மட்டும்தான். பேரு என்ன? எந்த ஊரு, தம்பி? ஊருல எந்தத் தெரு? அப்பா என்ன பண்றாரு? என்ன கோட்டா? இதில் எதுவும் ‘சாதி என்ன’ என்று கேட்கவில்லை. ஐந்து கேள்வி முடியும்போது சாதி தெரிந்துவிடும். ஒரு பையன் ஊர்ப் பேரோடு நிறுத்திக்கொண்டான். நான்தான் கேட்டேன்: “கோயிலுக்கு இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா?” அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, “ரோட்டுக்கு அந்தப் பக்கம்ண்ணே” என்றான். யாரும் சிரிக்கவில்லை. அடுத்த பையனிடம் போய்விட்டோம்.

அவனை அன்று பாட்டுப் பாடச் சொல்லவில்லை, சல்யூட் அடிக்கச் சொல்லவில்லை. மற்றவர்களோடு விளையாடியதுபோல அவனோடு விளையாடவே இல்லை. மெஸ்ஸில் அவன் உட்கார்ந்த பெஞ்சில் இடம் காலியாகவே இருந்தது. அந்த மாதம் முடிவதற்குள் அறையைக் காலி செய்துவிட்டு வெளியே எங்கேயோ தங்கிப் படித்தான். புகார் இல்லை, விசாரணை இல்லை. பின்னால் வந்த எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவிலும் நான் குற்றவாளி ஆகியிருப்பேனா என்று தெரியவில்லை. ஆனால் அன்று அங்கே ஒரு வகுப்பு நடந்தது. அவன் தன் இடம் எது என்று கற்றான். மற்றப் பையன்கள் அவனை எங்கே வைப்பது என்று கற்றார்கள். வாத்தியார் நான்.

ராகிங்கை ‘ஒழுங்கீனம்’ என்று வாசிப்பதில் உள்ள பிழை இதுதான். அது ஒழுங்கின் மீறல் அல்ல, ஒழுங்கைக் கற்பிக்கும் முறை. வெளியே உள்ள சமூகத்தின் படிநிலையை, ‘எல்லாரும் சமம்’ என்று எழுதிப் போட்டிருக்கும் வளாகத்திற்குள் மறுபடி நிறுவும் சடங்கு. அல்தூஸ்ஸர் 1970இல் பள்ளியைக் கருத்தியல் கருவிகளில் முதன்மையானது என்று சொன்னபோது பாடப்புத்தகத்தை மட்டும் சொல்லவில்லை, அன்றாட நடைமுறையையும் சேர்த்துத்தான் சொன்னார். நம்மூரில் அந்த நடைமுறைக்கு விடுதி வராந்தா என்று பெயர்.

3

தமிழ்நாட்டில் இதுபற்றிய சட்டச் சொல்லாடல் ஒரு கொலையிலிருந்து தொடங்குகிறது. 1996 நவம்பரில் சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு, மூத்த மாணவர் ஒருவரால் கொல்லப்பட்டார். அவருடைய தந்தை அப்போது சென்னைப் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர். கடலூர் நீதிமன்றம் 1998இல் இரட்டை ஆயுள் தண்டனை விதித்தது, 2001இல் உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது, 2011இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை மீண்டும் உறுதிசெய்தது. கொலை நடந்த சில மாதங்களுக்குள் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், 1997 வந்துவிட்டது. ஈராண்டு வரை சிறை, பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம்.

அந்தச் சட்டத்தின் வரையறையைப் பிரதியாக வாசித்தால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அது உடல் காயத்தோடு நிற்கவில்லை. அச்சம், வெட்கம், கூச்சம் ஆகியவற்றையும் குறிப்பிடுகிறது. ஒரு மாணவர் இயல்பாக விரும்பிச் செய்யாத ஒன்றைச் செய்யச் சொல்வதும் குற்றம் என்கிறது. நல்ல வரையறைதான். ஆனால் அந்த வெட்கம் எங்கிருந்து வருகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு சொல் கிடையாது. ‘சாதி’ அதில் இல்லை. தமிழ்நாட்டில், தொண்ணூறுகளில் — தென்மாவட்டங்கள் எரிந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில் — மாணவர்களுக்கிடையேயான வன்முறையைப் பற்றிச் சாதியை எழுதாமல் ஒரு சட்டம் எழுத முடிந்திருக்கிறது.

அடுத்த ஆண்டே கடல் கடந்து இதே கதை. 1997இல் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பொறியியல் படித்த ஒரு தமிழ் மாணவர், மூத்தவர்கள் கட்டாயப்படுத்திச் செய்யவைத்த உடற்பயிற்சியால் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். 1998இல் அங்கேயும் சட்டம் வந்தது. அதன் தலைப்பிலேயே பகிடிவதையோடு ‘ஏனைய வகை வன்முறைகளும்’ சேர்த்துச் சொல்லப்பட்டன. பகிடிவதை என்ற சொல்லைக் கவனியுங்கள். பகிடியும் வதையும் ஒரே சொல்லுக்குள் இருக்கின்றன. நாம் இங்கே ‘ராகிங்’ என்று இங்கிலீஷிலேயே வைத்துக்கொண்டோம். அதில் வதை தெரியவே தெரியாது.

‘ஈவ்டீசிங்’ கதையும் அப்படித்தான். 1998 ஜூலையில் சென்னையில் ஒரு கல்லூரி மாணவி ஆண்களின் துரத்தலில் சிக்கி உயிரிழந்த பிறகு வந்த சட்டத்திற்கு, அந்தச் சீண்டல் பெயரையே வைத்தார்கள். கொலையில் முடிந்த ஒன்றுக்குக் ‘கிண்டல்’ என்று பெயர். 2002இல்தான் ‘பெண்கள் மீதான துன்புறுத்தல்’ என்று தலைப்பு மாறியது. சொல் மாறியதும் உலகம் மாறிவிடாது, சரிதான். ஆனால் சொல் விளையாட்டாகவே இருக்கும்வரை புகார் கொடுக்க வருகிறவள்தான் ‘விளையாட்டு தெரியாதவள்’ ஆகிறாள்.

4

சாதி இந்தப் பிரதிகளுக்குள் எப்போது வந்தது? வரிசையைப் பாருங்கள். டெல்லி எய்ம்ஸ் மருத்துவக் கல்லூரியில் தலித், பழங்குடி மாணவர்கள் நடத்தப்படும் விதம் பற்றி சுகதேவ் தோரட் தலைமையிலான குழு 2007இல் அறிக்கை தந்தது. மற்ற மாணவர்களின் தொல்லையால் அவர்கள் விடுதியில் தனியாக ஒதுங்கிச் சேர்ந்திருந்ததை அது பதிவு செய்தது. ஆசிரியர்களின் பாரபட்சத்தையும் எழுதியது. சேரி என்பது ஊரில் மட்டும் இல்லை, நாட்டின் முதல்தர மருத்துவக் கல்லூரி விடுதியிலும் உண்டு என்று அரசுக்கு எழுத்தில் தெரிந்த ஆண்டு அது.

2009 மார்ச்சில் இமாசலப் பிரதேசத்தில் ஒரு மருத்துவ மாணவர் ராகிங்கில் அடிபட்டு இறந்தார். அதே ஆண்டு மானியக் குழுவின் விதிகள் வந்தன. அதில் சாதி சொல்லப்படவில்லை. 2012இல் சமத்துவத்தை மேம்படுத்துவதற்கென்று தனியாக இன்னொரு விதித் தொகுப்பு வந்தது. சம வாய்ப்பு மையம், பாகுபாடு எதிர்ப்பு அதிகாரி எல்லாம் அதில் உண்டு. காகிதத்தில் உண்டு. 2016 ஜனவரி 17 அன்று ஹைதராபாத் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலா இறந்தார். அதே ஆண்டு ஜூனில்தான் ராகிங் விதிகளின் வரையறையில் சாதி, மதம், இனம், நிறம், பாலினம், பாலியல் நாட்டம், மொழி, பிறந்த இடம், பொருளாதாரப் பின்னணி ஆகியவை சேர்க்கப்பட்டன. 2026 ஜனவரியில் சமத்துவ விதிகள் புதிதாக அறிவிக்கப்பட்டன. யாருக்கு நடப்பதைச் சாதிப் பாகுபாடு என்று அழைப்பது என்ற தகராறில் அதே மாதமே உச்ச நீதிமன்றம் அவற்றை நிறுத்திவைத்தது.

ஒரு சாவு, ஒரு விதி. இன்னொரு சாவு, ஒரு திருத்தம். இப்படித்தான் நமது பல்கலைக்கழகம் ‘கற்கிறது’.

ஹைதராபாத்தில் நடந்ததை ராகிங் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லவும் முடியாது. அங்கே செய்தது நிர்வாகம். ஐந்து தலித் ஆய்வு மாணவர்களை விடுதியிலிருந்தும் பொது இடங்களிலிருந்தும் விலக்கியது தண்டனை. படிக்கலாம், ஆனால் கூடக் கூடாது, தங்கக் கூடாது. நம் ஊர்க்காரர்களுக்கு இது புரியாத தண்டனையா? பஞ்சாயத்து ஒதுக்கிவைப்பது என்பது இதுதானே. அந்த ஐவரும் வளாகத்திற்குள்ளேயே கூடாரம் போட்டு அதற்கு ‘வெளிவாடா’ என்று பெயர் வைத்தார்கள். தெலுங்கில் ஊருக்கு வெளியே உள்ள தலித் குடியிருப்பு. நிர்வாகம் எழுதிய உத்தரவை அவர்கள் ஒரே சொல்லில் வாசித்துக் காட்டிவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்திய வளாகங்களில் வன்முறை பற்றி நடத்தப்பட்ட மிகச் சிறந்த வகுப்பு அந்தப் பெயர்ப்பலகைதான். அதை நடத்தியவர்கள் மாணவர்கள். கற்க வேண்டியிருந்தது நிறுவனம். அது கற்கவில்லை.

5

பெண்கள் விஷயத்தில் நிறுவனத்தின் போதனை வேறு வடிவம் எடுக்கிறது. அங்கே அது ‘பாதுகாப்பு’. மானியக் குழுவின் ‘சக்ஷம்’ அறிக்கை (2013), பாதுகாப்பைக் காரணம் காட்டிப் பெண்கள் விடுதியில் பாரபட்சமான விதிகளைத் திணிக்கக் கூடாது என்று தெளிவாகச் சொன்னது. 2015 விதிகளிலும் அது இடம்பெற்றது. அதே 2015இல் டெல்லியில் மாணவிகள் ‘பிஞ்ச்ரா தோட்’ — கூண்டை உடை — என்று கிளம்ப வேண்டியிருந்தது என்றால், விதி எங்கே இருந்தது, பூட்டு எங்கே இருந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் இன்றும் பல கல்லூரிகளில் ‘பொம்பளப் பிள்ளைக ஆறு மணிக்கு உள்ள வந்துரணும்’ என்பதுதான் பாலினக் கல்வி.

2024 டிசம்பரில் சென்னையில் அண்ணா பல்கலைக்கழக வளாகத்திற்குள் ஒரு மாணவி பாலியல் வன்முறைக்கு உள்ளானார். குற்றவாளி வெளியாள். 2025 ஜூனில், முப்பது ஆண்டுகளுக்குக் குறையாத ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. உடனே எழுந்த பேச்சு முழுக்க கேட், கேமரா, அடையாள அட்டை, காவலாளி. வெளியாளைத் தடுக்க அவை வேண்டியவைதான். ஆனால் அதே வழக்கில் நடந்த இன்னொன்றைப் பாருங்கள். முதல் தகவல் அறிக்கை வெளியே கசிந்து, புகார் கொடுத்தவரின் அடையாளம் அம்பலமானது. அந்த அறிக்கையின் மொழியே பாதிக்கப்பட்டவரைக் குற்றம் சாட்டும் தொனியில் இருப்பதாக உயர் நீதிமன்றம் கண்டித்தது, இருபத்தைந்து லட்சம் ரூபாய் இடைக்கால இழப்பீடு வழங்கச் சொன்னது. வன்முறை செய்தவன் மதில் தாண்டி வந்திருக்கலாம். புகாரை எழுதிய மொழி எந்த மதிலையும் தாண்டி வரவில்லை. அது நம் வீட்டில், வகுப்பில், ஸ்டாஃப் ரூமில் பேசும் மொழி. அதற்குக் கேமரா வைக்க முடியாது.

மாற்று முயற்சிகள் இல்லாமல் இல்லை. விசாகா தீர்ப்புக்குப் (1997) பின் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் 1999இல் அமைந்த பாலின நுண்ணுணர்வுக் குழுவில் மாணவர், ஆசிரியர், ஊழியர் ஆகிய எல்லாத் தரப்பிலிருந்தும் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். புகாரை விசாரிப்பதும் பேச்சு, சுவரொட்டி, கூட்டம் என்று கற்பிப்பதும் ஒரே குழுவின் வேலையாக இருந்தது. தேர்தலே அங்கு ஒரு வகுப்புதான். வேட்பாளர்கள் பாலியல் துன்புறுத்தல் என்றால் என்ன என்று விடுதி விடுதியாகப் பேசித்தான் ஓட்டுக் கேட்க வேண்டும். 2017இல் நிர்வாகம் அதைக் கலைத்துவிட்டு, சட்டப்படியான உள்ளகக் குழுவைத் தானே நியமித்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டி ஜனநாயகம் நீக்கப்பட்டது. சட்டம் போதாமல் இருப்பது ஒரு பிரச்சினை. சட்டம் வந்த பிறகு, இருந்ததும் போவது இன்னொரு பிரச்சினை.

6

இங்கே நண்பர்கள் இரண்டு பக்கமிருந்தும் கேட்பார்கள். ஒரு பக்கம்: “படிச்சவன்தானய்யா இத பண்றான், கல்வி என்னத்தக் கிழிச்சிரும்?” இன்னொரு பக்கம்: “தண்டனைய விடுங்க, பிள்ளைங்களுக்குப் புரிய வைங்க.”

முதல் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மருத்துவம் படித்தவர்களின் வளாகங்களில்தான் இத்தனை சாவு. ‘கல்வி’ தானாக யாரையும் மனிதனாக்காது. இரண்டாவது கேள்வி இன்னும் ஆபத்தானது. ‘விழிப்புணர்வு’ என்பது பல கல்லூரிகளில் தண்டனையைத் தவிர்க்கும் வழி. புகார் வந்ததும் இரு தரப்பையும் உட்காரவைத்து, “பையன் தெரியாம பண்ணிட்டான், அவன் எதிர்காலம் பாழாயிரும்” என்று கவுன்சிலிங். அந்தப் பெண்ணின் எதிர்காலம், அந்த தலித் மாணவனின் எதிர்காலம் எந்தக் கணக்கில்? நான் சொல்லும் கல்வி மன்னிப்புப் பத்திரம் அல்ல. தண்டனை அதன் இடத்தில் நடக்க வேண்டும்.

பாவ்லோ ஃப்ரெய்ரே வங்கிமுறைக் கல்வி என்று சொன்னது நமக்குத் தெரியும். ஆசிரியர் போடுவார், மாணவர் வாங்கி வைப்பார். நமது ராகிங் எதிர்ப்பு வாரம், உறுதிமொழி, சிறப்புரை எல்லாம் இந்த வங்கியில்தான் போடப்படுகின்றன. உயரத்திலிருந்து கீழே பேசும் அதே உறவில் ‘சமத்துவம்’ சொல்லப்படுகிறது. மேடையில் முதல்வர் சமத்துவம் பேசிக்கொண்டிருக்க, கீழே கடைநிலை ஊழியர் அவருக்குத் தண்ணீர் பாட்டிலோடு கைகட்டி நிற்பார். மாணவன் எதைக் கற்பான்?

அம்பேத்கர் 1942இல் நாகபுரியில் சொன்ன மூன்று வினைகளில் முதலாவதை நாம் ‘கற்பி’ என்று தமிழாக்கி வைத்திருக்கிறோம். ‘கல்வி பெறு’ என்று அல்ல. தெரிந்தோ தெரியாமலோ நல்ல மொழிபெயர்ப்பு. ஒடுக்கப்பட்டவர் கற்பிக்கிறவராகும்போதுதான் இந்த வகுப்பு தொடங்கும். அப்படித் தொடங்கிய ஒன்றை நம் கண்ணெதிரே என்ன செய்தார்கள்? சென்னை ஐ.ஐ.டி.யில் 2014இல் தொடங்கப்பட்ட அம்பேத்கர் பெரியார் படிப்பு வட்டம், 2015 மேயில் பெயரில்லாப் புகார் ஒன்றை ஒட்டி அங்கீகாரம் பறிக்கப்பட்டது. எதிர்ப்பு கிளம்பிய பின் ஜூனில் திரும்பக் கொடுத்தார்கள். பாகுபாட்டை ஒழிக்க ஒரு கையால் மையம் திறக்கச் சொல்கிறது அரசு. அதைப் பற்றிப் படிக்கக் கூடும் மாணவர்களை மறு கையால் கலைக்கிறது நிறுவனம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவர் உடன்படிக்கும் மாணவர்களாலேயே வீடு புகுந்து வெட்டப்பட்ட பிறகு, நீதியரசர் சந்துரு தலைமையிலான குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. மாணவர்கள் கையில் கட்டும் சாதிக் கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் பேச்சு. அறிக்கை அதோடு நிற்கவில்லை. பகுதியின் ஆதிக்கச் சாதியைச் சேர்ந்தவரைத் தலைமை ஆசிரியராகவும் கல்வி அதிகாரியாகவும் அதே பகுதியில் வைக்க வேண்டாம் என்றும் சொன்னது. அதாவது, கயிறு மாணவன் கையில் மட்டும் இல்லை. இதைச் சொன்னதும் பேச்சு அடங்கிவிட்டது.

7

ஆகவே என் கோரிக்கைகள் சிறியவை, நடைமுறைக்குரியவை. படிவத்தில் நிறுவனத்திற்கும் ஒரு ‘காலம்’ வேண்டும்: சென்ற ஆண்டு எத்தனை புகார், எத்தனை விசாரணை, என்ன முடிவு என்று எழுதி முதல்வர் கையெழுத்திட்டுப் புதிய மாணவரிடம் கொடுக்கட்டும். பயிற்சி முதலில் ஆசிரியருக்கு: வருகைப்பதிவை வாசிக்கும் தொனி, வாய்மொழித் தேர்வில் கேட்கும் ‘எந்த ஊரு’, ஆய்வு மாணவரை வீட்டு வேலைக்கு அனுப்புவது — இவை பாடமாக வேண்டும். குழுக்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாணவர்களும் விடுதிச் சமையலாளர், துப்புரவுப் பணியாளரும் இருக்க வேண்டும். விடுதியில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். மாணவர் படிப்பு வட்டங்களுக்கு அனுமதி என்ற பேச்சே கூடாது. இதை மட்டும் தயவுசெய்து மார்க் போடும் தாளாக ஆக்காதீர்கள். சாதி பற்றி எண்பது மார்க் வாங்கிவிட்டுப் பெஞ்சைக் காலி விடுவான்.

ரோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்த அந்தப் பையனை நான் பிறகு பார்க்கவில்லை. பார்த்தாலும் எனக்கு விளக்கம் சொல்லிப் புரியவைக்கும் கடமை அவனுக்கு இல்லை. நான் இன்றைக்கும் முதல் வகுப்பில் பிள்ளைகளிடம் பேரைக் கேட்கிறேன். அடுத்த கேள்வி நாக்கு நுனிவரை வரும். ஊர் கேட்பது அன்புதானே என்று மனசு சொல்லும். முப்பத்தைந்து வருஷப் பழக்கம். நிறுத்திக்கொள்ள இன்னும் கற்றுக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் வளாகத்தில் முதல் நாள் கேட்கப்பட்ட முதல் கேள்வி எது? கேட்டவராக இருந்தாலும் சரி, பதில் சொன்னவராக இருந்தாலும் சரி, எழுதுங்கள். விவாதத்தை அங்கிருந்து தொடரலாம்.